பையில் இருந்த எட்டு மணி நேரம்

மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசினாள் என்று அப்பா அவளுக்கு மைனா என்று பட்டம் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் எழுதிய பெயர் அந்தப் பதிவேட்டோடு நின்றுபோனது. வீட்டிலும் தெருவிலும் கடைக்கு வருகிறவர்கள் வாயிலும் அவள் மைனாதான்.

கடை, பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் அடுப்பறை, பின்னால் வீடு. ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் உண்டு. ஆனால் ஊர் தேடி வந்தது கிரீம் பன்னுக்கு. பாலையும் முட்டையையும் சர்க்கரையையும் சோளமாவோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, நீளவாக்கில் கீறிய பன்னுக்குள் அப்பா கையாலேயே நிரப்புவார். கரண்டி வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், "கரண்டிக்கு என்ன தெரியும்? பன்னு எவ்வளவு தாங்கும்னு விரலுக்குத்தான் தெரியும்" என்பார். பதினோரு மணிக்குள் தட்டு காலியாகிவிடும். அவருக்கு ஊர் வைத்த பெயரும் 'கிரீம் பன்காரர்' என்பதுதான்.

மைனா இயற்பியல் படிக்க ஆசைப்பட்டாள். மதிப்பெண் காலை வாரியது. மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில், வேதியியலும் புள்ளியியலும் உணவு அறிவியலும் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. இரண்டு நாள் அழுதாள். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை.

"அழுறதுக்கு இதுல என்ன இருக்கு? நம்ம கடையைப் பத்தியே ஒரு படிப்பு இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்கு யாருமே சொல்லலையே!"

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாள். அப்பா மாவு பிசைந்துகொண்டே கேட்பார், அவள் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிச் சொல்வாள். பிசையப் பிசைய மாவு ஏன் இழுத்துக்கொள்கிறது என்று ஒருநாள் விளக்கினாள். கோதுமையில் இருக்கிற புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலை மாதிரி பின்னிக்கொள்வதையும், அந்த வலைக்கு ஒரு பெயர் இருப்பதையும் சொன்னாள்.

"அதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்களா? நான் இவ்வளவு நாளா அதைப் பிடிவாதம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்று அப்பா சிரித்தார்.

"அப்பாவும் பொண்ணும் மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, வீடு பத்தி எரிஞ்சாலும் திரும்பிப் பார்க்க மாட்டீங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

மழைக்காலத்தில் ரொட்டியின் மேல்தோல் ஏன் தாமதமாகச் சிவக்கிறது என்று அப்பா ஒருமுறை கேட்டார். மைனாவுக்குத் தெரியவில்லை. வகுப்பில் கேட்டாள். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்து, "நல்ல கேள்வி. யார் கேட்டது?" என்றார்.

"எனக்கே தோணுச்சு சார்" என்றாள் மைனா.

அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்தவர்களின் அப்பாக்கள் மருத்துவர், பொறியாளர், வங்கி அதிகாரி. உங்கப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "உணவுத் துறையில இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றியாக வேண்டுமே.

இரண்டாம் வருடம் நுண்ணுயிரியல் வந்தது. அதை எடுத்த மேடம் குள்ளமாக இருப்பார். குரல் மட்டும் கடைசி வரிசைக்கு மேலே போய்ச் சுவரில் இடிக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற எல்லோரும், திரும்பும்போது அங்கே கடையில் விற்கிற ஏதாவது ஒரு தின்பண்டத்தை ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஆளுக்கொரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியும், உறைய வைத்த பனிப்பொதிகளும், ஒரு படிவமும் கொடுத்தார்கள். என்ன பொருள், எங்கே வாங்கியது, எத்தனை மணிக்கு, எப்படிக் கொண்டுவந்தது என்று படிவத்தில் கேள்விகள் இருந்தன.

பெட்டியைத் தோளில் மாட்டிப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரி, "மீனு, மீனேய்" என்று கூவிக் காட்டினாள். அறையே சிரித்தது. மைனாவும் சிரித்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து திரும்புகிற திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அப்பா அன்றைய முதல் நான்கு பன்களை நிரப்பி, புது அட்டைப் பெட்டியில் வைத்து நூலால் கட்டிக் கொடுத்தார்.

"மேடத்துக்குப் பிடிச்சிருந்தா சொல்லு, இன்னும் அனுப்புறேன்."

"சாப்பிடறதுக்கு இல்லப்பா. பரிசோதனைக்கு."

"பரிசோதனை பண்ணிட்டு மிச்சத்தைச் சாப்பிடச் சொல்லு."

கோடைக்காலம். வெயில் விழுகிற பக்கத்து சன்னலோர இருக்கைதான் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் சக்கரம் பஞ்சராகிப் பேருந்து ஒன்றரை மணி நேரம் நின்றது. விடுதிக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, ஒன்றரை மணிக்கு ஆய்வகத்தில் பெட்டியின் நூலை அவிழ்த்தபோது கிரீம் லேசாக இளகியிருந்தது. வாடை எதுவும் இல்லை. படிவத்தில் 'கொண்டுவந்த முறை' என்ற இடத்தில், 'பனிப்பெட்டி' என்பதற்கு நேராக அவள் குறி போட்டாள். கை தயங்கவில்லை. எல்லோரும் அதைத்தான் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய கண்ணாடித் தட்டுகளை மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக, பளபளவென்று, ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிவான வளையத்தோடு, புள்ளிகள் நெருக்கமாக முளைத்திருந்தன. கிராமுக்கு நான்கரை லட்சம் என்று கணக்கு வந்தது.

"எந்தக் கடை இது?"

"எங்க ஊர்ல ஒரு கடை மேடம்."

"கிரீமைக் கையால நிரப்புறாரா?"

"ஆமா மேடம்."

"அதானே. இந்தக் கிருமி குடியிருக்கிறதே மனுஷனோட மூக்குலயும் தோல்லயும்தான். பனிப்பெட்டியில வச்சுக் கொண்டுவந்தே இவ்வளவுன்னா, இந்த ஆள் மூக்கைத் தேய்ச்ச கையோட நிரப்புறார்னு அர்த்தம். நாலு பேர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில படுக்கிறதுக்குள்ள யாராவது போய்ச் சொல்லுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் மூக்கைத் தேய்த்துவிட்டு பன்னை நிரப்புவது போல நடித்துக் காட்டினான். மைனாவுக்குக் காது மடல்வரை எரிந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அப்பா மேல் கோபம். வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தலையில் வைத்தாள் என்பது பிற்பாடுதான் அவளுக்கே விளங்கியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் ஆள் நெரிசல். அப்பா முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, பன் நிரப்பிக்கொண்டே கணக்கு வாத்தியாரோடு ஏதோ வம்பளந்துகொண்டிருந்தார். இருபது வருட வாடிக்கையாளர் அவர். கையிலிருந்த பன்னை ஒரு கடி கடித்திருந்தார். மைனா தோளில் பையோடு உள்ளே வந்தாள்.

"அப்பா, முதல்ல அதுலேர்ந்து கையை எடுங்க."

"என்னம்மா?"

"உங்க பன்ல கிருமி இருக்கு. கிராமுக்கு நாலரை லட்சம். மூக்கைத் தேய்ச்ச கையோட பண்றாருன்னு எங்க மேடம் எல்லார் முன்னாடியும் சொல்றாங்க. நீங்க சுத்தமா இருந்தா நான் ஏன் அங்க தலைகுனிஞ்சு நிக்கணும்?"

அவள் குரல் தெருவரை போயிருக்கும். கணக்கு வாத்தியார் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். கடித்த பக்கம் தெரியாமல் திருப்பிக் காகிதத்தில் வைத்தார். "ஒரு வேலை இருந்தது, மறந்தே போனேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள்.

அப்பா திட்டுவார் என்று மைனா எதிர்பார்த்தாள். பதிலுக்குப் பதில் பேசத் தயாராகவே வந்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"எவ்வளவுன்னு சொன்ன?"

"நாலரை லட்சம்."

இரண்டு கைகளையும் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கிரீம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். அன்றோடு கிரீம் பன் நின்றது.

அடுத்த வாரம் நடந்ததை அம்மா போனில் சொன்னாள். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் வீடு ஏறி இறங்கியிருக்கிறார். "என் பன்னைச் சாப்பிட்டு யாருக்காவது எப்பவாவது உடம்புக்கு முடியாமப் போச்சா?" என்று கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். தையல்காரர் மனைவி மட்டும் யோசித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு பையனின் பிறந்தநாளுக்கு மறுநாள் அவன் வாந்தியெடுத்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னாள். அன்று அவன் வேறு என்னென்ன சாப்பிட்டானோ. ஆனால் அப்பா அந்த வாசலில் கைகூப்பி நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையுறை மாட்டி இரண்டு நாள் மாவு பிசைந்து பார்த்தார். "காது அடைச்ச மாதிரி இருக்கு" என்று கழற்றிப் போட்டார். மாஸ்டர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு, தான் முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் கை மாவில் படவில்லை.

கடைசி வருடத்தில் அதே மேடம் ஒரு கணக்குப் போட்டார். கோடை வெயிலில் வைத்த கிரீமில் இந்தக் கிருமி நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் ஒன்று எத்தனை ஆகும்?

பன்னிரண்டு முறை இரட்டிப்பு. மைனா வேகமாகப் பெருக்கினாள். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.

"அதனாலதான் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன், பனிப்பெட்டி, பனிப்பெட்டின்னு" என்றார் மேடம். "பனி இல்லாமக் கொண்டுவந்தா நீங்க அளந்தது கடையை இல்ல, வெயிலை."

மைனாவின் பேனா நின்றது. காலை ஐந்தரை. மதியம் ஒன்றரை. பக்க ஓரத்தில் நான்கரை லட்சத்தை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறால் வகுத்தாள். நூற்றுப் பத்து வந்தது. வகுத்தது தப்போ என்று இன்னொரு தடவை வகுத்தாள். மறுபடியும் நூற்றுப் பத்து. பாடப்புத்தகத்தில் அந்த எண்ணிக்கைக்கு என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். கைபட்ட பண்டத்தில் எதிர்பார்க்கக்கூடியதுதான், கவனமாக இருக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவே. அப்பா கொடுத்தனுப்பியது நூற்றுப் பத்து. மிச்சமெல்லாம் அவள் மடியில் வளர்ந்தது.

அந்த வாரமே சொல்லிவிடுவது என்று ஊருக்குப் போனாள். அவள் படியேறும்போது அப்பா யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கிரீம் பன் இப்போ போடறதில்லைங்க. என் பொண்ணு பல்கலைக்கழகத்துல உணவு அறிவியல் படிக்கிறா. அவதான் கண்டுபிடிச்சா. அவ மட்டும் சொல்லலைன்னா நான் எத்தனை பேரைக் கொன்னிருப்பேனோ. அதோ, அவளே வந்துட்டா!"

வெளியூர்க்காரர் மரியாதையோடு எழுந்து நின்றார். மைனாவின் வாய்வரை வந்தது அப்படியே உள்ளே போனது. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தாள். பரீட்சை முடிந்ததும், வேலை கிடைக்கட்டும். வேலை கிடைத்ததும், கல்யாணம் ஆகட்டும். போட்ட பொய்க் குறி மேடத்துக்குத் தெரிந்தால் பட்டம் என்ன ஆகுமோ என்ற பயம் முதலில் இருந்தது. பட்டம் கைக்கு வந்தபிறகு அந்தப் பயம் போய், அப்பாவின் முகத்தை நினைத்த பயம் வந்தது. பயம் வேறு வேறு, வாய் திறக்காதது மட்டும் ஒன்றுதான்.

ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து, படிப்படியாக அதற்குத் தலைவியானாள். பனி உருகிய பெட்டியில் மாதிரி வந்தால் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவாள். கண்டிப்பானவள் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா போன் செய்வார். "இந்த வாரம் என்ன கண்டுபிடிச்ச?" என்பதுதான் முதல் கேள்வி. அவள் விவரமாகச் சொல்வாள். அவர் உம் கொட்டிக் கேட்பார்.

இப்படிப் பத்தொன்பது வருடம் போயிற்று.

அந்தக் கோடையில் தொழிற்சாலையில் ஒரு சம்பவம். புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண் ஒருத்தி, அடுப்பின் வெப்பத்தைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டாள். பிஸ்கட் கருகிப்போனதும் பழி அடுப்பைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி மேல் விழுந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தக் கடிதம் தயாரானது. மறுநாள் காலை அந்தப் பெண் மைனாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்று தேம்பினாள். "தப்பு என்னோடது மேடம். அவரை அனுப்பிடாதீங்க. என்னால சாப்பிடக்கூட முடியலை."

கடிதத்தை மைனா கிழித்தாள். அவளை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண். ஒரு நாள் தாங்கவில்லை அவளுக்கு. மைனா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

கடையை அப்போது அண்ணன் நடத்திக்கொண்டிருந்தான். அப்பா பின்கட்டில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மைனா தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். முடித்ததும் அப்பா கேட்டார்.

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"கட்டிலுக்கு அடியில."

"ஏன்?"

"மீன்காரின்னு கேலி பண்ணாங்கப்பா."

"மீன்காரின்னு" என்று அவர் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் தைலப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "உனக்கு இது எப்போ தெரிஞ்சுது?"

"கடைசி வருஷம்."

"நான் நிறுத்தி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருக்கும். கை மறந்திருக்காது மைனா. நீ சொல்லியிருந்தா மறுநாளே பிசைஞ்சிருப்பேன்."

அவள் தரையில் சிந்தியிருந்த தைலத்தை விரலால் துடைத்தாள்.

"பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். தையல்காரர் வாசல்ல கைகூப்பி நின்னேன். அதை எந்தக் கணக்குல வகுப்ப?"

"நான் போறேன்பா. ஒவ்வொரு வீடாப் போய் நானே சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லுவ? வாத்தியார் செத்து ஆறு வருஷமாச்சு. தையல்காரர் குடும்பம் எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாது."

"விடுங்களேன். சின்னப் பொண்ணு அப்போ, ஏதோ தெரியாம பண்ணிட்டா" என்றாள் அம்மா.

"அப்போ சின்னப் பொண்ணுதான். நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம்?" அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் உன்னைப் பெருமையாச் சொன்னேனே. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"



அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போன் அவளிடமிருந்து போனது. அப்பா எடுத்து, "நல்லா இருக்கியா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். தொழிற்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குப் போனால் சாப்பிட்டாயா என்பார், பேருந்தில் பார்த்துப் போ என்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை, குத்திக் காட்டியதில்லை. வீட்டுக்கு வந்த ஒரு தூரத்து உறவுக்காரரைப் போல அவளை நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

ஒருமுறை அவள் துணிந்து, "கொஞ்சமா மாவு பிசைஞ்சு பாருங்களேன்பா, நான் கூட நிக்கிறேன்" என்றாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. "இதை வச்சு மாவு பிசைய முடியாது. வேணும்னா சல்லடை பிடிச்சுக்கறேன்" என்றார். பழைய அப்பாவின் கேலி ஒரு நொடி எட்டிப் பார்த்தது. மைனா சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்வதற்குள் அவர் முகம் வேறு பக்கம் போய்விட்டது.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, மழை பிடித்த ஒரு காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

வீடு நிறைய ஆட்கள். சுவரோரம் பழைய மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று வேறு ஊரில் இருந்தவர், செய்தி கேட்டு வந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்களிடம், தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு கை அவருக்குன்னு ஊரே சொல்லும். ஆனா பொண்ணு படிச்சுட்டு வந்து, இதுல கிருமி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு பாருங்க, அன்னிக்கே நிறுத்திட்டார். ஊரையே காப்பாத்தின பொண்ணு. கடைசி வரைக்கும் எங்கிட்ட அப்படித்தான் சொன்னார்."

மைனா எழுந்தாள். "கடைசி வரைக்கும்னா? எப்போ சொன்னார் மாஸ்டர்?"

"போன மாசம்கூட போன்ல சொன்னாரேம்மா."

அவள் நடுவில் வந்து நின்று, கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவர் கையில தப்பே இல்லை. தப்பு என்னோடது. நான்தான் பன்னை வெயில்ல கொண்டு போனேன். படிவத்துல பொய் எழுதினேன். அவர் பன் நல்ல பன்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் அவசரமாக வந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "பாவம், அப்பா போன துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியலை. யாராவது தண்ணி கொண்டு வாங்க" என்றாள்.

தண்ணீர் வந்தது. மைனா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டர் பக்கம் திரும்பி, முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, சரிம்மா" என்றார். அவர் முகத்தில் இரக்கம்தான் இருந்தது. அவள் சொல்வதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.